கருப்பட்டியின் வாய்ச்சான்று

என்னதான் சொல்லித் தொலைத்திருப்பான் இவன்?

கண் விழித்ததும் துளசிமணிக்குள் எழுந்த முதல் நினைப்பு அதுதான். நேற்றும் அதுவே, முந்தாநாளும் அதுவே. கட்டிலுக்குக் கீழே அவளுடைய நாய் கருப்பட்டி நான்கு கால்களையும் நீட்டிச் சோம்பல் முறித்தான். அவன் கழுத்தில் கிடந்த மொழிமணி ஒருமுறை மினுங்கி, "வெளியே" என்றது.

"இதோடா தங்கம், அஞ்சே நிமிசம்" என்றாள். குரலில் ஏற்றியிருந்த தேன் அவளுக்கே திகட்டியது. ஏழு மாதங்களுக்கு முன்புவரை இதே வார்த்தைக்கு, "சும்மா படுறா" என்பதுதான் அவளுடைய பதிலாக இருந்தது.

பதினான்காவது மாடியிலிருந்து லிஃப்ட் இறங்கியது. உள்ளே நின்ற எல்லோர் கையிலும் ஏதோ ஓர் உயிர் இருந்தது. எல்லோரும் அதனிடம் கொஞ்சிக்கொண்டிருந்தார்கள். பன்னிரண்டாம் மாடிப் பெண் தன் முயலிடம், ராத்திரி நன்றாகத் தூங்கினாயா என்று லிஃப்ட் முழுக்கக் கேட்கும்படி விசாரித்தாள். ஒன்பதாம் மாடி தர்மலிங்கம் கூடையில் ஆமையோடு ஏறினார்.

"ஏனுங்க, இன்னும் வேலை அமையலீங்களா?" என்று யாரோ அவரைக் கேட்டார்கள்.

"எங்கீங்க? இது ஒரு கேள்விக்குப் பதில் சொல்ல மூணு நாளு எடுத்துக்குது. முடிக்கறதுக்குள்ள வேலைக்கு வேறாளைப் போட்டுடறாங்க" என்று சொல்லிவிட்டு, சட்டென்று குனிந்து ஆமையின் ஓட்டைத் தடவினார். "சும்மா சொன்னேன்டா சாமி."

துளசிமணியும் கருப்பட்டியின் காதைச் சொறிந்துவிட்டாள். அவன் அவளை நிமிர்ந்து பார்த்தான். அந்தப் பார்வையில் என்ன இருக்கிறது என்று அவளால் கண்டுபிடிக்கவே முடியவில்லை.

மொழிமணியில் மாயம் ஒன்றும் இல்லை. மிருகத்தின் மண்டைக்குள் அரிசி அளவில் ஒரு சில்லு. அங்கே ஓடும் உணர்வை அது எடுத்துக் கொடுக்க, கழுத்தில் கிடக்கும் மணி அதைத் தமிழில் சொல்லும். மணிக்கு இரண்டு வாய். வெளிவாய் வீட்டில் இருப்பவர்களுக்கு: பசி, வெளியே, வலி, போதும் என்று நான்கைந்து சொற்களோடு சரி. உள்வாய் அப்படியல்ல. மிருகத்தின் நினைவில் படிந்து கிடக்கும் அத்தனையையும் அது சொல்லும். ஆனால் அதைத் திறக்கும் சாவி விசாரிப்பாளரிடம் மட்டும்தான் உண்டு. அவர் வந்தால் வீட்டுக்காரர் வெளியே போய்விட வேண்டும். தன்னைப் பற்றித் தன் பிராணி என்ன சொன்னது என்பதைத் தெரிந்துகொள்ள யாருக்கும் உரிமை கிடையாது. தெரிந்தால் பழிவாங்குவார்கள், இல்லையென்றால் சொல்லிக்கொடுத்துப் பழக்குவார்கள்.

பெண் கொடுப்பதற்கு முன்னால் மாப்பிள்ளை வீட்டுத் தெருவுக்குப் போய், மளிகைக் கடையிலும் எதிர்வீட்டிலும் பேச்சுக் கொடுத்துப் பார்த்த ஊர்தான் இது. கதவுகளெல்லாம் காற்றுப் புகாமல் மூடிக்கொண்ட பிறகு, பக்கத்து வீட்டில் இருப்பவர் பெயர்கூடத் தெரியாமல் போயிற்று. மனிதர் தரும் நற்சான்றைப் பொறி எழுதியிருக்கும், பொறி தரும் சான்றை மனிதர் திருத்தியிருப்பார். விசாரித்துப் பார்க்கும் ஆசை மட்டும் அப்படியே இருந்தது. யாரும் பார்க்காதபோது ஒரு மனிதர் எப்படி இருக்கிறார் என்று அறிந்த ஒரே சாட்சி அவர் வீட்டுப் பிராணிதான் என்று யாரோ கண்டுபிடித்தார்கள். அன்றிலிருந்து வேலைக்கு ஆள் எடுப்பவர்கள் நாயை விசாரித்தார்கள். வீடு வாங்குபவர்கள் பூனையை விசாரித்தார்கள். சுவரில் ஓதம் உண்டா, மேல்வீட்டில் சண்டை உண்டா, இந்த வீட்டில் இருந்தவர்கள் நிம்மதியாக இருந்தார்களா என்பதெல்லாம் அதற்குத்தானே தெரியும். வாய்ச்சான்று என்று அதற்குப் பெயர் வந்தது.

துளசிமணியின் வாய்ச்சான்று இதுவரை ஐந்து முறை தள்ளப்பட்டிருந்தது. மூன்று வேலைகள், வீடு கேட்டு வந்த இரண்டு குடும்பங்கள். ஐந்து கடிதங்களிலும் ஒரே வரி. "தங்கள் பிராணியின் சான்று எங்களுக்கு ஏற்புடையதாக இல்லை."

ஆறாவது முறையும் தள்ளப்பட்டால் மூன்று வருடங்களுக்கு அவள் பெயரைப் பட்டியலிலேயே சேர்க்க மாட்டார்கள். ஆறாவது விசாரிப்பு நாளை வியாழக்கிழமை, காலை பத்து மணிக்கு.

தூத்துக்குடிக்கு அப்பால் கடலின்மேல் மிதக்கும் புதுக்குடியிருப்பில் ஒரு வேலை. கப்பல்களுக்கு வழி சொல்லும் பொறிக்குரல்களைப் பார்த்துக்கொள்ள வேண்டும். நாற்பத்தொன்பது வயதில், அவளுடைய தொழிலில், இனி இப்படி ஒன்று வரப்போவதில்லை. அங்கே இடத்தை அளந்துதான் கொடுக்கிறார்கள். கரையில் சொந்த வீடு வைத்திருப்பவர்களுக்கு இடமில்லை. ஆகவே மாதக் கடைசிக்குள் இந்த வடவள்ளி வீடும் கைமாற வேண்டும். நல்லவேளையாக வீடு கேட்டு ஒரு குடும்பம் வந்திருந்தது. வேலைக்கும் வீட்டுக்கும் சேர்த்து நாளை ஒரே விசாரிப்பு. எல்லாம் கருப்பட்டியின் வாயில் இருந்தது.

அவன் எதைச் சொல்லியிருப்பான் என்று அவளுக்குத் தெரியும். அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தாள்.

வேலை போன நாள் அது. இருபத்திரண்டு வருடங்கள் அவள் செய்தது குரல் செப்பனிடும் வேலை. ரயில் தாமதம் என்று அறிவிக்கும் குரல், ஆஸ்பத்திரியில் அடுத்த எண்ணைக் கூப்பிடும் குரல், இப்படிப் பொறி பேசும் குரல்களிலெல்லாம் ஒரு சின்னக் குறையைச் சேர்ப்பாள். ஒரு தயக்கம், ஒரு மூச்சு, கொஞ்சம் பிசிறு. பிசிறில்லாத குரலை ஜனங்கள் நம்புவதில்லை. எந்த இடத்தில் எவ்வளவு தடுமாறினால் கேட்பவர் மனம் இளகும் என்பதில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது. ஒரு நாள் பொறியே தானாகத் தடுமாறக் கற்றுக்கொண்டது. அந்தச் செய்தியை அவளுக்குச் சொன்ன குரல், "மன்னிக்கணும்" என்ற இடத்தில் மிகச் சரியாகத் தயங்கியது. அவள் செப்பனிட்ட தயக்கம்தான் அது.

அன்று மத்தியானம் கருப்பட்டி அவள் காலடியை விடாமல் சுற்றிச் சுற்றி வந்தான். முழங்கையைத் தன் மூக்கால் தள்ளினான். அவளுக்கு யாருடைய தொடுகையும் வேண்டியிருக்கவில்லை. அவனை இழுத்துப்போய் பால்கனியில் விட்டுக் கதவைச் சாத்தினாள். மருதமலைப் பக்கமிருந்து மழை வந்தது. அவள் திறக்கவில்லை. மூன்று மணி நேரம். அவன் கதவைப் பிறாண்டவும் இல்லை. திறந்தபோது தொப்பலாக நின்றுகொண்டிருந்தான். துண்டை எடுத்துத் துடைத்தாள், துடைத்துக்கொண்டே அழுதாள். பிறகு ஒருவரிடமும் அதைப் பற்றிச் சொல்லவில்லை.

சொல்ல வேண்டியவன்தான் சொல்லிக்கொண்டிருக்கிறானே. ஐந்து விசாரிப்பாளர்களிடமும் அந்த மூன்று மணி நேரத்தைத்தான் சொல்லியிருப்பான். மழை, குளிர், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அசையாமல் உட்கார்ந்திருந்த அவள்.

அதன் பிறகு அவள் தன் வீட்டிலேயே விருந்தாளியைப் போல் வாழ்ந்தாள். கதவை ஓசைப்படாமல் சாத்தினாள். போனில் யாரிடமும் கோபப்படவில்லை. குளியலறைக்குள் போய் அழுவதையும் நிறுத்திவிட்டாள், வாசலில் அவன் படுத்திருப்பான். ஈரலை வேகவைத்து ஊட்டினாள். அவன் வாலை ஆட்டித் தின்றான். எல்லாவற்றையும் வாங்கிக்கொள்கிறான், ஒன்றையும் மறக்க மாட்டான் என்று நினைத்துக்கொள்வாள். அவன் தூங்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து அந்தப் பழுப்பு முகத்தையே பார்ப்பாள். ஒன்பது வருடம் கூட இருந்தவனிடம் இப்படி ஒரு பயம் வரும் என்று யார் கண்டது?

வயலின் கற்க ஆரம்பித்ததும் அவனுக்காகத்தான். "பாட்டுக் கேக்கற வீட்டு நாய் நல்லாச் சொல்லுமுங்" என்று வீட்டுத் தரகர் நாச்சிமுத்து சொல்லியிருந்தார். பாடம் சொல்லித் தருபவர், தரகர் என்று ஜனங்களை நம்பித் தொழில் நடத்துபவர்களுக்கு மட்டும் ஒரு விலக்கு உண்டு: அவர்கள் தங்கள் வாய்ச்சான்றை வாசலில் ஒட்டியிருக்க வேண்டும். அவள் முதலில் போனது இரண்டு தெரு தள்ளியிருந்த அபரஞ்சி டீச்சர் வீட்டுக்கு. அங்கே ஒட்டியிருந்த பூனையின் சான்றில், "நல்லவங்க. பொறுமை. மடியில இடம் தருவாங்க" என்று இருந்தது. கடைசிவரை படித்தாள். ஒரு குறைகூட இல்லை. உள்ளே யாரோ கற்பூரம் ஏற்றியதைப்போல் சுத்தமாக ஒரு சுருதி கேட்டுக்கொண்டிருந்தது. ஏனோ அழைப்புமணியை அழுத்தாமலே திரும்பிவிட்டாள். அடுத்துப் போனது சஞ்சீவன் வீட்டுக்கு. அவனுடைய கிளி ஒரே வரியில் முடித்திருந்தது: "தூங்குவான்." அவளுக்கு மனம் சமாதானமாயிற்று. அவனிடமே சேர்ந்தாள். பாடத்துக்கு அவன் அவள் வீட்டுக்கே வந்தான்.

கிளி பொய் சொல்லவில்லை. அன்று, புதன்கிழமை மத்தியானம், பாடத்துக்கு வந்த சஞ்சீவன், அவள் வயலினின் தலையை வலது பாதத்தில் ஊன்றி, சரளி வரிசையில் மூன்றாவதை வாசிக்கத் தொடங்கும்போதே சுவரில் சாய்ந்து கண்ணை மூடிவிட்டான். முப்பது வயதுப் பையன். மத்தியமம் ஒவ்வொரு தடவையும் ஒரு மயிரிழை இறங்கி விழுந்தது. திருத்த ஆளில்லை. கருப்பட்டி இருவருக்கும் நடுவில் படுத்திருந்தான்.

"தம்பி, மத்தியமம் சரியா விழுகுதா?"

"விழுகுதுங்க்கா" என்றான் சஞ்சீவன், கண்ணைத் திறக்காமல். "விழுந்ததை எடுத்து நிறுத்துங்க, போதும்."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. மாதங்களுக்குப் பிறகு, யாருக்கும் காட்டுவதற்காக இல்லாமல் வந்த சிரிப்பு. உடனே கருப்பட்டியைப் பார்த்தாள். அவன் பார்த்துக்கொண்டுதான் இருந்தான்.

சஞ்சீவன் போன சற்று நேரத்தில் நாச்சிமுத்து வந்தார். ஐம்பத்தைந்து வயது, வெள்ளை வேட்டி, கையில் ஒரு மஞ்சள் பை. வழக்கமாக உள்ளே வரும்போதே ஜன்னல், பால்கனி, குழாய் என்று கண்ணை ஓட்டுபவர் அன்று நேராக நாற்காலியில் போய் உட்கார்ந்தார். அவள் காபி போட்டுக்கொண்டு வந்து வைத்தாள்.

"கதவைச் சாத்திப்போட்டு வாங் அம்மிணி."

சாத்தினாள்.

"விசாரிப்புச் சங்கத்துல நம்ம சகலை ஒருத்தன் இருக்கானுங். கையைக் காலைப் புடிச்சு வாங்கியாந்தேன். நீங்க பாக்கப்படாது, நான் காட்டப்படாது. ரெண்டு பேருமே பாக்கலைன்னு வெச்சுக்கலாம்." பையிலிருந்து ஐந்து தாள்களை எடுத்து மேசைமேல் வைத்தார். "உங்க நாய் சொன்னதுங்."

அவள் உடனே எடுக்கவில்லை. கருப்பட்டி பால்கனிக் கதவோரம் பாதத்தை நக்கிக்கொண்டிருந்தான். சொல்லிவிட்டாயல்லவா, சரி, நானும் தெரிந்துகொள்கிறேன் என்று மனதுக்குள் அவனிடம் சொல்லிவிட்டுத் தாளைப் புரட்டினாள்.

கேள்வி: வீட்டுக்காரி எப்படி?

பதில்: வருவா. எப்பவும் திரும்பி வருவா.

கேள்வி: அடித்ததுண்டா?

பதில்: இல்ல.

கேள்வி: உன்னை வெளியே வைத்துக் கதவைச் சாத்தியதுண்டா?

அவள் விரல் அந்த வரியிலேயே நின்றுவிட்டது. பிறகு கீழே இறங்கியது.

பதில்: உண்டு. மழை பார்த்தேன். கதவு திறந்தா. துண்டு வெச்சுத் துடைச்சா. அவ மூஞ்சியும் நனைஞ்சிருந்துச்சு. நான் துடைச்சேன்.

கேள்வி: வீட்டில் பிடிக்காதது?

பதில்: அவ இல்லாத நேரம்.

கேள்வி: வயலின் சத்தம் தொந்தரவா?

பதில்: பிடிக்கும். அப்ப அவ ஒரே இடத்துல உக்காருவா.

ஐந்து சான்றுகளும் ஏறக்குறைய இப்படியே இருந்தன. அவள் இரண்டாம் முறையும் படித்தாள். எழுத்து கலங்கித் தெரிந்தது. அவளுக்கு வந்தது நிம்மதி அல்ல, வெட்கம். ஏழு மாதமாகப் பக்கத்தில் உட்கார்ந்து அந்த முகத்தில் எதைத் தேடினோம் என்று நினைத்துக் கூசினாள்.

"பின்ன எதுக்குங்ண்ணா தள்ளினாங்க?"

"அடியில பாருங்."

ஒவ்வொரு தாளின் அடியிலும் விசாரிப்பாளரின் குறிப்பு இருந்தது. கடைசித் தாளில் இருந்ததுதான் நீளமானது. "குறை எதுவும் பதிவாகவில்லை. இவ்வளவு நன்மை இயல்பானதல்ல. பிராணிக்குப் பயிற்சி தரப்பட்டிருக்கலாம். அல்லது மறைக்கப்படுவது மிகப் பெரிதாக இருக்கலாம். பரிந்துரைக்க இயலாது."

"புரியுதுங்களா?" என்றார் நாச்சிமுத்து. "நாயின்னா ஒரு குறை சொல்லோணும். சோறு நேரங்கழிச்சுப் போடறா, முன்கோபக்காரி, இப்படி எதாச்சும். எல்லா நாயும் சொல்லுதுங். எம்பட வீட்டு ஆடு என்னையப் பத்தி என்ன சொல்லுது தெரியுங்களா? 'பொய் பேசுவான்'னு. அதைப் படிச்சதுக்கப்புறந்தான் ஜனம் என்னைய நம்பி வீட்டைக் கொடுக்குது. 'நாச்சிமுத்து பொய் பேசுவாப்புல, மத்தபடி தங்கமானவரு'ன்னு. ஒண்ணு தெரிஞ்சிருச்சுன்னா மீதிக்குப் பயப்படத் தேவையில்லை பாருங்."

துளசிமணிக்கு அபரஞ்சி டீச்சரின் வாசல் ஞாபகத்துக்கு வந்தது. அழைப்புமணி வரைக்கும் போய்த் திரும்பிய தன் விரல் ஞாபகத்துக்கு வந்தது. அந்த வாசலில் எத்தனை பேர் அப்படித் திரும்பியிருப்பார்கள்? உள்ளே அந்தச் சுருதி யாருக்காகக் கேட்டுக்கொண்டிருந்தது?

"அந்த மழை விசயத்தையாவது கோவமாச் சொல்லியிருந்தான்னா கரையேறியிருப்போம்" என்று நாச்சிமுத்து பெருமூச்சு விட்டார். "அதுவும் இவனுக்குள்ள கரைஞ்சு போச்சு. இப்ப ஒரே வழிதானுங் இருக்குது." குரலைத் தாழ்த்தினார். "ஒரு உதைங்."

"என்னதுங்?"

"ஒரே ஒரு உதை. இன்னிக்குச் சாயங்காலம் ஒண்ணு போட்டீங்கன்னா நாளைக்குப் பத்து மணி வரைக்கும் மனசுல நிக்கும். ரொம்ப மெதுவாப் போட்டா மணில ஏறாது, பாத்துக்கங்க. கொஞ்சம் வலிக்கோணும். அவன் போயி, 'உதைச்சா'ன்னு ஒரு வார்த்தை சொல்லட்டும். விசாரிக்கறவன் 'அட, இவ்வளவுதானா'ன்னு முத்திரை குத்திப்போட்டுப் போயிருவான். வேலையும் ஆச்சு, வீடும் ஆச்சு. நாயைக் கூட்டிக்கிட்டுக் கடலுக்குப் போயி மீனாப் போடுங், யாரு வேண்டாம்ங்கறா?"

அவள் கருப்பட்டியைத் திரும்பிப் பார்த்தாள்.

"யோசிக்கறதுக்கு என்னங் இருக்குது? இத்தனை வருசம் நீங்க பண்ணுன வேலையே அதுதானுங்களே. நல்ல குரல்ல ஒரு கீறலைப் போட்டாத்தான் ஜனம் நம்பும்னு நீங்கதான எனக்குச் சொன்னீங்க?"

சொன்னவள் அவள்தான். அந்தக் கணக்கு தப்பென்றும் அவளால் சொல்ல முடியவில்லை. எங்கே, எவ்வளவு, எந்த நேரத்தில் என்று அவளுடைய பழகிய மனம் அதற்குள் அளக்கத் தொடங்கியிருந்தது. விலாவில் வேண்டாம், தொடையில், வலது காலால். மிதக்கும் ஊரின் நீல விளக்குகளைக்கூட ஒரு கணம் பார்த்துவிட்டாள். குனிந்து தன் வலது பாதத்தைப் பார்த்தாள். சரளி வரிசைக்கு வயலின் ஊன்றியிருந்த இடத்தில் லேசாகச் சிவந்திருந்தது.

கதவோரத்திலிருந்து கருப்பட்டி எழுந்து வந்தான். அவள் முகத்தை ஒரு தரம் பார்த்தான். காலடியில் சுருண்டு, அந்தப் பாதத்தின்மேலேயே தாடையை வைத்துக்கொண்டான். மொழிமணி மினுங்கியது, ஒன்றும் சொல்லவில்லை. வெளிவாயில் அதற்கான சொல் இல்லை போலிருந்தது.

"வேண்டாங்ண்ணா" என்றாள்.

"உங்களுக்குக் கால் வரலைன்னா நான் வேணா..."

"நீங்க உதைச்சா உங்களைப் பத்தித்தானே சொல்லுவான்?"

நாச்சிமுத்து தன் காலை நாற்காலிக்கடியில் இழுத்துக்கொண்டார்.

"அவன் சொன்னது சொன்னபடியே இருக்கட்டுங்."

"அம்மிணி, நாளைக்கும் தள்ளிட்டாங்கன்னா மூணு வருசம்."

"தெரியுங்ண்ணா. காபி ஆறுது, குடிங்."

அவர் டம்ளரை எடுக்கவில்லை. அவளைப் பார்த்தார். நாயைப் பார்த்தார். பால்கனிக் கதவையும், உள்ளறையையும், சாத்தியிருந்த அலமாரியையும் ஒரு சுற்றுப் பார்த்தார். ஐந்து மாதமாக இந்த வீட்டுக்குள் வந்து போகிறவர், இதுவரை பார்க்காத ஒரு பார்வை. துளசிமணிக்கு அது புதிதாக இல்லை. ஏழு மாதமாக அவள் கருப்பட்டியைப் பார்த்த பார்வைதான் அது. நாற்காலியை முன்னால் நகர்த்தி, வாசல் பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டு அவர் மெல்லக் கேட்டார்.

"ஏனுங் அம்மிணி, வெளிய விடமாட்டேன், எங்கிட்ட மட்டும் சொல்லுங். நிசமா என்னதான் பண்ணுனீங்க?"

"ஒண்ணுமில்லீங்ண்ணா."

அவர் நம்பவில்லை. தாள்களை ஒவ்வொன்றாக அடுக்கிப் பைக்குள் வைத்துக்கொண்டு எழுந்தார். "பத்து மணிக்குத்தான் வர்றாங்க. காலையில கூட நேரம் இருக்குதுங்" என்று வாசலில் நின்று சொன்னார். அவள் எழுந்து வந்து வழியனுப்புவாள் என்று ஒரு நிமிடம் காத்திருந்தார்.

கருப்பட்டி தூங்கிப்போயிருந்தான். அதனால் பாதத்தை அசைக்காமல், உட்கார்ந்த இடத்திலிருந்தே, "போயிட்டு வாங்ண்ணா" என்றாள் துளசிமணி.